கத்தரிக்கோலும் மல்லிகைச் சரமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்குப் பாலர் வகுப்பு நடத்தத் தொடங்கி எனக்கு 14 ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஓடுவதையும் தாவுவதையும் பந்து பிடிப்பதையும் பென்சில் பிடிப்பதையும் காகிதம் வெட்டுவதையும் பார்த்துப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். பதிவேட்டில் இவை ‘மோட்டோர் காசார்’, ‘மோட்டோர் ஹாலுஸ்’ என்று மலாயில் இருக்கும். தமிழில் பெருந்தசை இயக்கம், நுண்தசை இயக்கம் என்கிறோம். இந்த வேலையைப் பல ஆண்டுகளாக அரைகுறையாகவே செய்துவந்தேன் என்பதை ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியால்தான் உணர்ந்தேன்.

அவளுக்குக் கத்தரிக்கோல் வசப்படவே இல்லை. நேர்கோட்டில் வெட்டச் சொன்னால் காகிதம் அலகுகளுக்கிடையே மடிந்து கசங்கும். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்று அடைவுநிலைகளில் மிகக் கீழானதாகிய முதலாவதை அவள் பெயருக்கு நேரே குறித்து, ‘நுண்தசை இயக்கம் பலவீனம், கூடுதல் பயிற்சி தேவை’ என்று எழுதினேன். அந்த வெள்ளிக்கிழமை மாலை கோவிலுக்குப் போனபோது, வாசலில் பூ விற்கும் பாட்டியின் அருகில் ஒரு சிறு முக்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். வலக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் மல்லிகை மொட்டுகளைக் காம்போடு காம்பு சேர்த்துப் பற்றியிருக்க, இடக்கை நூலைச் சுற்றிக் கண்ணி போட்டு இழுத்துக்கொண்டிருந்தது. முடிச்சுகள் சற்றுத் தளர்வாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு கை பிடித்துக்கொள்ள, மறு கை வேலை செய்ய, கண் இரண்டையும் வழிநடத்த வேண்டிய அந்தச் செயலை, நான் ‘பலவீனம்’ என்று எழுதிய விரல்கள் என் கண்முன்னே செய்துகொண்டிருந்தன.

சிறுமி இடக்கைப் பழக்கமுள்ளவள். “பள்ளிக்கூடத்துல சோத்துக்கையாலதான் எல்லாம் செய்யணும்னு சொல்லித்தான் அனுப்புறேன் டீச்சர்” என்றார் பாட்டி. பாட்டியின் சொல்லைத் தட்டாத பிள்ளை, பள்ளியில் பென்சிலையும் கத்தரிக்கோலையும் வலக்கையால் எடுத்திருக்கிறாள். இடக்கையால் எடுத்திருந்தாலும் என் வகுப்பில் இருந்த கத்தரிக்கோல் அவளுக்கு உதவியிருக்காது. வலக்கைக் கத்தரிக்கோலை வலக்கையால் அழுத்தும்போது விரல்களின் இயல்பான தள்ளுதல் இரண்டு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. இடக்கைக்கு மாற்றினால் அதே தள்ளுதல் அலகுகளை விலக்கிவிடும், வெட்ட வேண்டிய கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். பழகாத கையும் பொருந்தாத கருவியும் சேர்ந்து தந்த முடிவை நான் ஒரு குழந்தையின் தசை வலிமையாகக் கணக்கிட்டிருந்தேன்.

அதன்பிறகுதான் இந்தத் துறையில் பயன்படும் சோதனைகள் எப்படி அமைக்கப்பட்டிருக்கின்றன என்று உட்கார்ந்து படித்தேன். டென்வர் வளர்ச்சிச் சோதனையை ஃபிராங்கன்பர்க், டாட்ஸ் என்ற இருவர் 1967இல் வெளியிட்டார்கள். 1992இல் அது திருத்தி அமைக்கப்பட்டது. அதில் 125 செயல்கள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டை வரைந்திருக்கும். நூற்றில் 25 பிள்ளைகள் அச்செயலைச் செய்யும் வயதில் பட்டை தொடங்கி, 90 பிள்ளைகள் செய்யும் வயதில் முடியும். குழந்தையின் வயதுக்கு நேராக மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, அது பட்டைகளை எங்கே வெட்டுகிறது என்று பார்க்க வேண்டும். பட்டை முழுவதையும் வயது கடந்த பின்னரும் செய்ய இயலாத செயல்தான் தாமதம் எனப்படும். ‘நான்கு வயதில் இதைச் செய்ய வேண்டும்’ என்று ஒரே எண்ணாக நான் மனத்தில் வைத்திருந்தவை எல்லாம் உண்மையில் மாதக் கணக்கில் அகன்ற வெளிகள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

உலகச் சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட அளவைகள் இந்த அகலத்தை இன்னும் தெளிவாகக் காட்டுகின்றன. பிடிமானமின்றித் தானே நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரந்திருக்கிறது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழ்வதை நூற்றில் நான்கு பேருக்குச் சற்று மேற்பட்டவர்கள் முற்றிலும் தவிர்த்துவிட்டே நடக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டானே என்று கலங்கி வரும் தாய்மாரிடம் இந்த எண்களைத்தான் காட்டுகிறேன். குறைமாதத்தில் பிறந்த குழந்தையானால், இரண்டு வயது வரையில், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல் பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணித்தான் வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தைக்கு அந்த இரண்டு மாதத்தைக் கழிக்காமல் ‘பின்தங்கியவன்’ என்று சொல்வது பெரும் அநியாயம்.

வயதுக்கணக்கு ஒரு பக்கம் இருக்க, எனக்கு அதிகம் கற்றுத்தந்தது டேல் உல்ரிக் 1985இல் முதன்முதலில் வெளியிட்ட பெருந்தசை வளர்ச்சிச் சோதனை. மூன்று முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பந்து எவ்வளவு தூரம் போயிற்று என்று அது கேட்பதில்லை; எப்படி எறியப்பட்டது என்று கேட்கிறது. எறியும் கை முதலில் கீழிறங்கிப் பின்னால் சுழல்கிறதா, இடுப்பும் தோளும் பக்கவாட்டில் திரும்புகின்றனவா, எறியும் கைக்கு எதிர்ப்பக்கக் கால் முன்னே எட்டு வைக்கிறதா, பந்து கையை விட்ட பிறகும் கை உடலுக்குக் குறுக்கே இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0 போட வேண்டும். முதலில் நாம் செய்துகாட்டுவோம். பிள்ளை ஒருமுறை பழகிப் பார்க்கும். பிறகு இரண்டு முறை செய்வதையே கணக்கில் எடுப்போம்.

இவ்வாறு பார்க்கத் தொடங்கியதும், பத்தாண்டுகளாக நான் நின்ற அதே திடல் எனக்கு வேறாகத் தெரிந்தது. நொண்டி விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டத்தைத் தாண்டினானா என்று மட்டும் பார்த்த காலத்தில் எல்லோருக்கும் ஒரே குறிதான் விழும். இப்போது தூக்கிய காலைப் பார்க்கிறேன். அது ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் அசைந்து உடலைத் தூக்கிவிடுகிறதா, அல்லது மரக்கட்டைபோல் விறைத்து நிற்கிறதா? கைகள் மடங்கி வீசுகின்றனவா, விழுந்துவிடுவோமோ என்று இருபுறமும் விரிந்திருக்கின்றனவா? ஊன்றும் காலை மாற்றச் சொன்னால் என்ன ஆகிறது? பிடித்த காலில் ஆறு தாவல் தாவும் பிள்ளை, மறு காலில் ஒன்றுகூடத் தாவ இயலாமல் இரு காலையும் ஊன்றிவிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஐந்து வயதுக்கு அது பெரும்பாலும் இயல்புதான். ஆனாலும் அதை எழுதிவைத்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்த்தால்தான், வித்தியாசம் குறைகிறதா என்பது தெரியும்.

தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். செம்மண் சாலையில் ஓடி, செம்பனை மரங்களுக்கிடையே வாய்க்கால் தாண்டி, விடுமுறையில் பாட்டியோடு உதிரிப் பழம் பொறுக்கப் போய் வரும் பிள்ளைக்குச் சமநிலையும் கால் வலிமையும் குறைவதில்லை. அதே பிள்ளை மூன்றுசக்கர மிதிவண்டியை வாழ்நாளில் தொட்டே இருக்கமாட்டான். பட்டியலில் ‘மிதிவண்டியை மிதித்து ஓட்டுவான்’ என்ற வரி வந்தால் அதற்கு நேரே வெற்றிடம்தான் விழும். பந்தை உதைத்து மட்டுமே பழகிய பையன், இரு கையாலும் பிடிக்கச் சொன்னால் பந்தை மார்போடு அணைத்துக்கொள்வான். இவற்றைக் குறை என்று எழுதுவதற்கு முன் அந்தக் கருவியை இரண்டு வாரமாவது கையில் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதை என் வகுப்பில் விதியாக வைத்திருக்கிறேன். இரண்டு வாரத்தில் மளமளவென்று முன்னேறினால் அதுவரை வாய்ப்புதான் இல்லாதிருந்தது என்று பொருள். வாய்ப்புக் கொடுத்தும் அசையாமல் நிற்கும் இடத்தில்தான் நம் கவனம் குவிய வேண்டும்.

கைகளைப் பொறுத்தவரை, பெற்றோரின் அவசரம்தான் எனக்குப் பெரிய சவால். நான்கு வயதில் பெயர் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை பெரும்பாலும் வெறும் குருத்தெலும்பாகவே இருக்கும். ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பு உருப்பெறத் தொடங்கவே எட்டு வயதுக்கு மேல் ஆகலாம். இயக்கக் கட்டுப்பாடும் தோளிலிருந்து முழங்கைக்கும் அங்கிருந்து மணிக்கட்டுக்கும் பின்னரே விரல் நுனிக்கும் இறங்கிவருகிறது. அதனால் கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன் தோளைப் பார்க்கிறேன்: சுவரில் ஒட்டிய பெரிய தாளில் வண்ணக்கட்டியால் வரையச் சொன்னால் கை சீக்கிரம் சோர்ந்து தொங்குகிறதா, மேசையில் எழுதும்போது மறு கை தாளைப் பிடித்துக்கொள்கிறதா, அல்லது தலையைத் தாங்கிக்கொண்டிருக்கிறதா?

வரைபடங்களைப் பார்த்து வரைவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. ஏறத்தாழ மூன்று வயதில் வட்டம், நான்கில் கூட்டல் குறி, ஐந்தை ஒட்டிச் சதுரம், அதற்கும் பின்னர் முக்கோணம். சாய்கோடுகள் தாமதமாகவே கைவரும். சதுரம் வராத பிள்ளைக்கும் நேர்கோடுகளாலான ‘ட’ வந்துவிடலாம்; தமிழெழுத்துகள் பலவும் வளைவும் சுழியுமாக இருப்பதால், வட்டம் நன்றாக வரும் பிள்ளையும் ‘இ’யில் தடுமாறலாம். எழுத்தை மட்டும் வைத்துக் கையை மதிப்பிடுவது எங்கள் வகுப்புகளில் எளிதாக நடக்கும் தவறு. பென்சில் பிடியையும் ஒரே அச்சில் வார்க்க வேண்டியதில்லை. பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகிய மூன்றின் நுனியால் பிடிப்பதுதான் சரி என்று நான் பயிற்சிக் காலத்தில் படித்தேன். பெருவிரல் சுட்டுவிரலின் பக்கவாட்டில் சாய்ந்து பிடிக்கும் பிடியும் முதிர்ந்த பிடிதான் என்பதைப் பின்னர் அறிந்தேன். வலியில்லாமல், விரல் மூட்டுகள் அசைய, தாளைக் கிழிக்காமல் எழுதுகிறானா என்பதே என் கேள்வி.

விலை உயர்ந்த சோதனைப் பெட்டிகள் எங்கள் பள்ளியில் இல்லை. அவற்றைப் பயன்படுத்தி மதிப்பெண் போடப் பயிற்சி பெற்ற தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். அது அவர்களின் பணி. ஆனால் மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகளுக்கு அப்பெட்டிகளில் ஒன்று கேட்பவை என்னவென்று பார்த்தால், பிளவில் காசு போடுவது, மணி கோப்பது, இரு கோடுகளுக்கிடையே பென்சிலை ஓட்டுவது, சிறு பையைப் பிடிப்பதும் எறிவதும், ஒற்றைக் காலில் நிற்பது, குதிகாலை உயர்த்தி நடப்பது, பாய் விட்டுப் பாய் தாவுவது ஆகியவைதாம். ஒரு மைலோ டின்னின் மூடியில் பிளவு வெட்டி, பத்து 20 சென் காசுகளை மேசையில் பரப்பி, முதலில் விருப்பமான கையாலும் பிறகு மறு கையாலும் ஒவ்வொன்றாகப் போடச் சொல்கிறேன். காசை விழுங்கும் ஆபத்து இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான், நானோ வகுப்பு உதவியாளரோ அருகிலேயே இருப்போம். இதில் மதிப்பெண் எதுவும் கிடையாது. காசை மேசை விளிம்புக்கு இழுத்துத்தான் எடுக்க முடிகிறதா, விரல் நுனியால் அங்கேயே கவ்வ முடிகிறதா, இரு கைகளுக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவு என்பவற்றை எழுதிக்கொள்கிறேன். எறிவதற்கும் பிடிப்பதற்கும் ‘பத்து செரெம்பான்’ என்று மலாயில் சொல்லும் ஐந்து கல் விளையாட்டின் அரிசிப் பைகளே போதும். பையன்களுக்கும் அவற்றைக் கொடுக்கிறேன். அப்படி விளையாடவிட்டபோதுதான், பந்தைப் பிடிக்கத் தெரியாதவன் என்று நான் நினைத்திருந்த ஒருவன் பையை எப்போதும் தலையைச் சாய்த்தே பார்ப்பது கண்ணில் பட்டது. கைக்குப் பயிற்சி கொடுப்பதை நிறுத்திவிட்டுக் கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னேன், கண்ணாடி வந்தது.

இவ்வளவு நேரம் அவசரப்பட்டுக் குறை சொல்வதைப் பற்றி எழுதினேன். குறையைப் பழக்கம் என்று தள்ளிவிடுவதும் அதே அளவு தீங்கானது, அதையும் நான் செய்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் இருந்தான். சபைகூடலில் சிமெண்டுத் தரையில் சம்மணமிட்டு அமரும் பிள்ளைகள் எழுந்திருக்கும்போது இவன் மட்டும் கடைசியில் எழுவான். முதலில் குப்புறத் திரும்பி, கைகளையும் கால்களையும் ஊன்றி, பின்புறத்தை உயர்த்தி, பிறகு கைகளை முழங்காலிலும் தொடையிலும் மாற்றி மாற்றி அழுத்தி, தன் உடல்மீதே ஏறுவதுபோல் நிமிர்வான். கொழுகொழுவென்று கெண்டைக்கால் திரண்ட பிள்ளை. வீட்டிலும் சோம்பல் என்றார்கள், நானும் ‘சுறுசுறுப்புக் குறைவு’ என்று எழுதினேன்.

இப்படி எழுவதை வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879இல் விவரித்திருக்கிறார். அவர் பெயராலேயே அந்த அடையாளம் வழங்குகிறது. இடுப்பைச் சுற்றிய தசைகள் வலுவிழந்திருப்பதை அது காட்டுகிறது. காரணங்கள் பல இருக்கலாம். அவற்றுள் ஒன்று டுஷேன் தசைநலிவு நோய். ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது. கெண்டைக்கால் பருத்துத் தோன்றுவதும் அதன் அடையாளங்களுள் ஒன்று. கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதியின் அளவை ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் பார்த்தாலே மருத்துவர்களுக்கு வழி தெரிந்துவிடும். முழுக் குணம் தரும் மருந்து இல்லாவிட்டாலும், உரிய வயதில் ஸ்டீராய்டு மருந்து தொடங்கினால் நடக்கும் ஆண்டுகளை நீட்டிக்க முடியும். நான் கண்டதை விவரித்துக் கடிதம் எழுதி, தாயாரை அரசாங்கக் கிளினிக்குக்கு அனுப்பியது ஆண்டின் பிற்பகுதியில்தான். பரிசோதனையில் தெரியவந்தது அந்தக் குடும்பத்துக்குரியது. இங்கே எழுதுவது முறையன்று. ஜனவரியிலேயே நான் அந்தக் கடிதத்தை எழுதியிருக்க முடியும் என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். அது முதல் ‘தரையிலிருந்து எழும் விதம்’ என்று என் தாளில் தனியாக ஒரு கட்டம் இருக்கிறது.

இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கும் என் விதி பொருந்தாத இடங்கள் இவை: 18 மாதம் ஆகியும் தானே நடக்காத குழந்தை, ஒன்றரை வயதுக்கு முன்பே எப்போதும் ஒரே கையை மட்டும் நீட்டி, மறு கையை மூடியே வைத்திருக்கும் குழந்தை, எந்நேரமும் முன்னங்காலிலேயே நடக்கும் பிள்ளை, எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய இயலாமல் போன பிள்ளை. இவர்களுக்கு அடுத்த நாளே கிளினிக். இந்த அடையாளங்கள் எதுவுமின்றி, ஐந்து ஆறு வயதிலும் பொத்தான் போடுவதற்கும் படியிறங்குவதற்கும் பந்து பிடிப்பதற்கும் விடாமல் திணறும் பிள்ளைகளும் உண்டு. நூற்றில் ஐந்தாறு பேருக்கு இயக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அவர்களைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வதால் ஒரு பொத்தானும் ஏறாது.

பெற்றோருக்கு எழுதும் குறிப்பில் இப்போதெல்லாம் ‘பலவீனம்’, ‘மந்தம்’ போன்ற சொற்களை நான் பயன்படுத்துவதில்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். பூக்காரப் பாட்டியின் பேத்தியுடைய தாளில் பழைய வரியை அடித்துவிட்டு, ‘வலக்கையால் வெட்டும்போது காகிதம் மடிகிறது, இடக்கையால் நூல் சுற்றி முடிச்சிடுகிறாள், இடக்கைக் கத்தரிக்கோலால் பார்க்க வேண்டும்’ என்று எழுதினேன். ஈப்போவில் ஒரு எழுதுபொருள் கடையில் இடக்கைக் கத்தரிக்கோல் கிடைத்தது. மூன்றாம் நாள் அவள் கோட்டை விட்டு விலகாமல் வெட்டினாள். மாத முடிவில் ஒரு வட்டத்தை, தாளைத் திருப்பிக்கொண்டே, முழுதாக வெட்டியெடுத்தாள்.

பாட்டியைச் சம்மதிக்கவைக்கத்தான் அதிக நாள் பிடித்தது. இடக்கையால் சாப்பிட்டால் ஊரார் என்ன சொல்வார்கள், நாளை கல்யாணப் பந்தியில் எப்படி உட்காருவாள் என்ற அவருடைய கவலையை நான் சிறிதாக எண்ணவில்லை. சாப்பாட்டுக்கும் திருநீறு வாங்குவதற்கும் வலக்கை, எழுதுவதற்கும் வெட்டுவதற்கும் பூக் கட்டுவதற்கும் இடக்கை என்று கோவில் வாசலிலேயே பேசி முடித்தோம். அன்று அவர் எனக்குத் தந்த இரண்டு முழச் சரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு முடிச்சுகள் சற்றுத் தளர்ந்திருந்தன.